வீட்டு டெலிபோனைத் திறந்து பார்க்கலாமா?

வீட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கடைக்குப் போய் கண்டென்சர் வாங்கி வந்து தாமே மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குழாய் சொட்டினால் வாஷர் மாற்றுகிறார்கள். சைக்கிள் பஞ்சர், இஸ்திரிப் பெட்டியின் ஒயர், மிக்சியின் கார்பன் பிரஷ்... எதற்கும் வீட்டில் ஒரு கை இருக்கிறது. ஆனால் அதே வீட்டில் டெலிபோன் பேசவில்லை என்றால் மட்டும் ஒருவரும் அதன் பக்கம் போவதில்லை. ரிசீவரில் இரண்டு தட்டு, மூன்று முறை "அலோ... அலோ...", உடனே "போன் டெட்" என்று தீர்ப்பு. அதற்குப் பிறகு லைன்மேன் எப்போது வருவார் என்று வாசலைப் பார்ப்பது ஒன்றுதான் வேலை.

இத்தனைக்கும் மின்விசிறியில் ஓடுவது 230 வோல்ட். டெலிபோன் ஒயரில் சும்மா இருக்கும்போது இருப்பது 48 வோல்ட். ஆளையே கொல்லக்கூடிய 230 வோல்ட்டைத் தைரியமாகக் கழற்றுகிற கை, இந்த 48 வோல்ட்டைப் பார்த்து ஏன் நடுங்குகிறது? காரணம் மின்சாரம் இல்லை. "இது நம்முடைய பொருள் இல்லை" என்ற எண்ணம்தான்.

"இந்தக் காலத்தில் யார் லேண்ட்லைன் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். மருந்துக் கடை, கிளினிக், வக்கீல் ஆபீஸ், செல்போன் சிக்னல் ஒழுங்காக வராத மலைப்பகுதி வீடுகள், எண்ணை மாற்ற மனமில்லாத பெரியவர்கள்... இவர்களெல்லாம் இன்னும் வைத்திருக்கிறார்கள். தனியாக இருக்கிற எழுபது வயதுக்காரருக்கு அந்தப் போன் நான்கு நாள் பேசாமல் கிடந்தால் அது வெறும் அசௌகரியம் இல்லை. இரவில் மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி. அதனால்தான் இந்த விஷயம் பேச வேண்டிய விஷயம்.

பயம் எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் டெலிபோன் ரொம்ப நாள் வரைக்கும் வீட்டுச் சாமானாக இருந்ததே இல்லை. அது அரசாங்கத்தின் சாமான். வீட்டில் வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். 1948-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. தொழிற்சாலை கருவியைச் செய்தது. தபால் தந்தித் துறை அதைக் கொண்டுவந்து மாட்டியது. இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 'ஓன் யுவர் டெலிபோன்' என்றே ஒரு திட்டம் இருந்தது. பெரிய தொகையாக டெபாசிட் கட்டினால் வரிசையில் முந்தலாம். பெயரில்தான் 'ஓன்'! பணம் கட்டியவருக்குக் கிடைத்தது வரிசையில் ஒரு நல்ல இடம்.

போதாக்குறைக்கு 1885-ஆம் வருடத்து இந்தியத் தந்திச் சட்டம். லைனை வேண்டுமென்றே சேதப்படுத்துவதும் அதில் கைவரிசை காட்டுவதும் அதன்படி குற்றம். அது கம்பத்து ஒயருக்கும் கேபிளுக்கும் நியாயமான விதிதான். ஆனால் மக்கள் மனதில் அது வீட்டுக்குள் மேஜைமேல் இருக்கிற பெட்டி வரைக்கும் நீண்டுவிட்டது. 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். வந்தது. கடைகளில் விதவிதமான போன்கள் விற்பனைக்கு வந்தன, பிடித்ததை வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. 1885-ஆம் வருடச் சட்டத்தின் இடத்துக்கே 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. பயம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. சுதந்திரச் சந்தை என்று பேசுகிற அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அங்கே ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், தான் கொடுக்காத எதையும் டெலிபோனோடு இணைக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. போன் மாத வாடகைக்குத்தான் கிடைக்கும். ஹஷ்-எ-போன் என்று ஒரு சின்னக் குப்பி. பேசுகிற இடத்தில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குப் பேச்சு கேட்காது. அதில் ஒயரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அதைக்கூட மாட்டக் கூடாது என்று நிறுவனம் வாதாடியது! 1956-இல்தான் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. பிறகு டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், வயர்லெஸ் ரேடியோவில் பேசுகிறவரை டெலிபோனில் பேசுகிறவரோடு சேர்த்துவைக்கும் கார்ட்டர்போன் என்ற கருவியைச் செய்தார். 1968-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லைனுக்குக் கெடுதல் செய்யாத கருவியை வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் யார் வேண்டுமானாலும் போன் தயாரிக்கலாம், யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற நிலை மெல்ல வந்தது. பதில் சொல்லும் இயந்திரம், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் வீட்டுக்குள் நுழைய முடிந்ததும் அந்த வழியாகத்தான். சுவரில் இருக்கிற அந்தச் சின்ன ஓட்டை, அதில் 'டக்' என்று மாட்டுகிற கண்ணாடி போன்ற பிளக், அதெல்லாம் இந்த மாற்றத்தின் மிச்சம். கருவி வேறு, லைன் வேறு என்று பிரித்துக் காட்டுகிற எல்லைக்கல் அது. தன் பங்கு எது என்று தெரிந்தவன்தான் ரிப்பேரைப் பற்றி யோசிக்க முடியும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

டெலிபோன் மாதிரி எளிமையான கருவி வீட்டில் வேறு இல்லை என்றே சொல்லலாம். எக்ஸ்சேஞ்சில் இரண்டு இரண்டு வோல்ட்டாக 24 பேட்டரி செல்கள், மொத்தம் 48 வோல்ட். இரண்டே ஒயர்களில் அது வீடு வரைக்கும் வருகிறது. கரண்ட் போனாலும் பழைய போன் பேசியதன் ரகசியம் இதுதான். ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும்போது கொக்கி அழுத்தப்பட்டு சுற்று திறந்திருக்கும். எடுத்தவுடன் கொக்கி மேலே வரும், சுற்று மூடும், மின்சாரம் ஓடும். "யாரோ எடுத்திருக்கிறார்கள்" என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும், டயல் டோன் வரும். ஒயரில் 48 இருந்தது அப்போது பத்துக்கும் கீழே இறங்கிவிடும். யாராவது கூப்பிட்டால் மணியடிக்க மட்டும் மாறுமின்சாரம் வரும், சுமார் 75 வோல்ட்.

இவ்வளவு தெரிந்தாலே பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. ஏனென்றால் போனே தன் வியாதியைச் சொல்கிறது. டயல் டோன் கேட்கிறதா? அப்படியானால் எக்ஸ்சேஞ்ச், கேபிள், கம்பம், வீட்டு ஒயர், கொக்கி, காதில் வைக்கிற ஸ்பீக்கர் எல்லாம் சரி என்று ஒரே நொடியில் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. டோன் கேட்கிறது, ஆனால் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால் மைக்கோ சுருள் ஒயரோதான் காரணம். பேச முடிகிறது, மணி மட்டும் அடிக்கவில்லையா? முதலில் போனின் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கிற மணிச் சத்த சுவிட்சைப் பார்க்க வேண்டும். துணியால் துடைக்கும்போது அது நகர்ந்து 'ஆஃப்' ஆகியிருக்கும். இதற்காகப் புகார் கொடுத்துக் காத்திருந்த வீடுகள் எத்தனையோ!

யார் பக்கம் கோளாறு?

ரிப்பேர் என்றால் ஸ்க்ரூ டிரைவர் எடுப்பது என்று அர்த்தமில்லை. முதல் வேலை, கோளாறு எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு கருவியும் வேண்டாம்.

வீட்டில் அந்த லைனில் மாட்டியிருக்கிற எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மாடியில் இருக்கிற எக்ஸ்டென்ஷன், கார்ட்லெஸ், மோடம், ஃபேக்ஸ் எல்லாம். பிறகு, நன்றாக வேலை செய்யும் ஒரு போனை லைன் முதலில் வீட்டுக்குள் வருகிற இடத்தில் நேராக மாட்ட வேண்டும். பேசினால் லைனில் குறையில்லை. அப்புறம் கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்ட, எதை மாட்டும்போது போன் செத்துப்போகிறதோ அதுதான் குற்றவாளி. பல வீடுகளில் இந்தச் சோதனை இரண்டாவது நிமிடத்திலேயே முடிந்துவிடும். மாடி அறையில் எக்ஸ்டென்ஷன் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் சாய்ந்து கிடக்கும். அது ஒன்று போதும், கீழே இருக்கிற போனுக்கு ஒரு அழைப்பும் வராது.

முதல் இடத்திலேயே, நல்ல போனிலும் பேசவில்லையா? அப்படியானால் கோளாறு வெளியே. புகார் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் இப்போது கொடுக்கிற புகார் வேறு மாதிரி இருக்கும்.

அந்த வித்தியாசம் பணத்திலும் தெரியும். லைன்மேன் வந்து, "லைன் வருது சார், உங்க செட்டுதான் போச்சு" என்பார். செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர், "செட்டு நல்லாத்தான் இருக்கு, லைன்ல பாருங்க" என்பார். இருவருக்கும் நடுவில் வீட்டுக்காரர் பந்தாக உருளுவார். மாத வாடகை மட்டும் தவறாமல் ஏறிக்கொண்டிருக்கும். டிராய் 2009-இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளில், பழுது மூன்று நாளைத் தாண்டினால் வாடகையில் தள்ளுபடி தர வேண்டும் என்று இருந்தது. நல்ல விதி. ஆனால் பழுது நிறுவனத்தின் பக்கம்தான் என்று உறுதியாகச் சொல்லத் தெரியாதவர் அந்தத் தள்ளுபடியை எப்படி வாதாடி வாங்குவார்? பத்து நிமிடச் சோதனை தெரிந்தவரிடம் ஒரு வவுச்சர் இருக்கிறது. தெரியாதவரிடம் புலம்பல் மட்டும்தான்.

அடிக்கடி வருகிற கோளாறுகள்

வீட்டுப் பக்கக் கோளாறுகளில் பெரும்பாலானவை சில்லறைதான்.

சுருள் ஒயர் முதலில் போகும். உள்ளே இருப்பது நூலின்மேல் மெல்லிய உலோக இழை சுற்றிய ஒயர். முறுக்கி முறுக்கி ரிசீவர் முனையில் அறுந்துவிடும். ஒயரை அசைத்தால் 'கொர கொர' என்று சத்தம் வந்தால் அதுதான். அதே ஒயரைத் தலைகீழாக மாற்றி மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், புதிதும் கடையில் கிடைக்கும்.

அடுத்தது சுவர்ப் பெட்டி. மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி, உள்ளே செம்புக் கம்பியில் பச்சை பூத்திருக்கும். கம்பியின் முனையை வெட்டி, புதிதாகச் சீவி, திருகை இறுக்கினால் இரைச்சல் போய்விடும். பிளக்கின் மஞ்சள் தகடுகளில் படிகிற அழுக்குக்கும் இதே கதைதான்.

சில எண்கள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கவனிக்க வேண்டும். பட்டன்கள் வரிசை வரிசையாக, நிரை நிரையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. 2, 5, 8, 0 நான்கும் சேர்ந்து போயிருந்தால் அந்த நிரைக்கான ஒரே ஒரு தொடர்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பட்டன் மட்டும் அழுந்தவில்லை என்றால் உள்ளே ரப்பருக்கு அடியில் எண்ணெயும் தூசியும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவைத்து மூடினால் போதும்.

பழைய கனமான போன்களில் கார்பன் மைக் இருக்கும். உள்ளே கரித்துகள்கள் இறுகிப்போனால் குரல் மங்கும். ரிசீவரை உள்ளங்கையில் லேசாகத் தட்டினால் துகள்கள் தளர்ந்து குரல் திரும்பும். "தட்டினால் போன் பேசும்" என்ற நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கை இல்லை! அது அந்தப் போனுக்கு உண்மை. இன்றைய போனில் அப்படி மைக் கிடையாது, தட்டினால் உடைவதுதான் மிச்சம்.

கார்ட்லெஸ் செத்தால் பெரும்பாலும் ரிசீவருக்குள் இருக்கிற சார்ஜ் பேட்டரிதான் வயதாகியிருக்கும். அதை மாற்றத் தெரியாமல் முழு செட்டையும் தூக்கிப் போடுகிறார்கள். பிராட்பேண்ட் மோடம் அதே செம்பு லைனில் இருந்து, போனில் 'இஸ்ஸ்' என்று இரைந்தால் ஸ்ப்ளிட்டரில் ஒயர் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கைவைக்கக் கூடாத இடங்கள்

எல்லாவற்றையும் தானே செய்கிறேன் என்று இறங்குவதும் தப்பு. இடி மின்னல் நேரத்தில் லைன் ஒயரைத் தொடவே கூடாது. வெளிக்கம்பியில் விழுகிற மின்னல் வீட்டுக்குள் வருவதற்கு அது ஒரு வழி. வேலை செய்யும்போது சுவரிலிருந்து போனைக் கழற்றிவிட வேண்டும். ஒயரைச் சீவிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் அந்த 75 வோல்ட் ஒரு நல்ல 'சுரீர்' கொடுக்கும். கார்ட்லெஸ் அடாப்டருக்குள் இருப்பது முழு வீட்டு மின்சாரம், அதைத் திறக்க வேண்டாம். கம்பம், தெருமுனைப் பெட்டி இரண்டும் நிறுவனத்தின் சொத்து. அங்கே தப்பாகத் தொட்டால் போவது பக்கத்து வீட்டுக்காரரின் லைன்.

"அப்படியானால் லைன்மேன் பிழைப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சுவிட்ச் நகர்ந்ததைச் சரிசெய்யவும் சாய்ந்த ரிசீவரை நேராக வைக்கவும் படித்த தொழில் இல்லை அது. வெயிலில் கம்பம் ஏறி, நூற்றுக்கணக்கான ஜோடி ஒயர்களில் ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரை அப்படிப்பட்ட வீடுகளுக்கு அலையவிட்டால், உண்மையிலேயே கேபிள் அறுந்த வீடு இன்னும் இரண்டு நாள் காத்திருக்கும். பொய்ப் புகார் குறைந்தால் அவர் நேரம் தேவையான இடத்துக்குப் போகும். "பிரிப்பேன், திரும்பச் சேர்க்கத் தெரியாமல் போனால்?" என்பது இன்னொரு கேள்வி. பேசாத போனை இன்னும் பேசாமல் ஆக்க முடியாது. போவது ஏற்கெனவே கணக்கில் எழுதித் தள்ள வேண்டிய பொருள்தான்.

எல்லைக்கல் நகர்கிறது

இப்போது செம்பு போய் ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. வேகம், தெளிவு எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு விஷயம் சத்தமில்லாமல் மாறிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து கண்ணாடி இழை வழியாகப் போனுக்கு மின்சாரம் வராது. வீட்டில் ஒரு பெட்டி, அதற்கு வீட்டு கரண்ட். கரண்ட் போனால் போனும் போகும். பிரிட்டன் செம்பு டெலிபோனை மொத்தமாக நிறுத்த 2025 டிசம்பர் என்று நாள் குறித்திருந்தது. அவசரத்துக்கு அழுத்துகிற அலாரத்தை நம்பியிருந்த முதியவர்களுக்கு இந்த மாற்றத்தில் அலாரம் வேலை செய்யாமல் போன சம்பவங்கள் வந்தன. 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். கெடுவும் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

பெட்டிக்குப் பின்னால் இருக்கிற போன் துளையில் வருவது அதே பழைய இரண்டு ஒயர்தான். அதனால் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் அங்கேயும் செல்லும். ஆனால் பெட்டி யாருடையது? பல வீடுகளில் அது நிறுவனத்தின் பெட்டி, நுழைவதற்கு பாஸ்வேர்டும் நிறுவனத்திடம். எல்லைக்கல் தெருவிலிருந்து நகர்ந்து வரவேற்பறை மேஜைக்கு வந்துவிட்டது. 1956-இல் அமெரிக்கா எந்த இடத்திலிருந்து புறப்பட்டதோ அதே இடத்துக்கு வண்டி திரும்பிக்கொண்டிருக்கிறது.

2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே அக்கறை வாடகைக்கு வருகிற இந்தப் பெட்டிகளுக்கும் வேண்டும். கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. எதுவரை வீட்டுக்காரர் பொறுப்பு, எதிலிருந்து நிறுவனம் என்று பில்லிலேயே ஒரு வரி. பிரிட்டனில் சுவர்ப் பெட்டியின் கீழ்மூடியைக் கழற்றினால் சோதனைக்கென்றே ஒரு துளை இருக்கிறது, அதுபோல யாரும் சோதித்துப் பார்க்க ஓர் இடம். தனியாக இருக்கிற பெரியவர் வீட்டுக்கு ஃபைபர் கொடுத்தால் கூடவே ஒரு சின்ன பேட்டரி.

அதெல்லாம் வரும்போது வரட்டும். அதுவரை, ஊரில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகிற கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வேலை செய்யலாம். போனைச் சுற்றி மாட்டியிருக்கிறவற்றைக் கழற்றி, ஒருமுறை சோதித்து, லைன் எங்கே உள்ளே வருகிறது என்பதையும் புகார் எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, போனுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு வரலாம். மணிச் சத்த சுவிட்சையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது!